மூன்று பேர் தொடலாம்

ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளி த்ரோபால் அணியில் நான் சரியாக இரண்டு நாள் இருந்தேன். எனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது என்பது முதல் நாள் தெரிந்தது. இரண்டாம் நாள் அது உறுதியானது. பி.டி. சார் திட்டவில்லை. நோட்டில் என் பெயர் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அன்றே வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் பார்த்துத்தான் அம்மா எனக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு வந்தாள். மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் அவளுக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்களின் ஷூவெல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போகும். அவள் காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. ஓவர்டைம் பார்த்து வாங்கிய ஷூவை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பெட்டி எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் அணியில் இருப்பதாகவே நடித்தேன். செவ்வாயும் வெள்ளியும் பள்ளி விட்ட பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்து ஓரம் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். இந்தப் பக்கம் பெண்கள் த்ரோபால் ஆடுவார்கள், அந்தப் பக்கம் பையன்கள் வாலிபால் ஆடுவார்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பேன். கிளம்பும்போது ஒரு கை செம்மண் எடுத்து ஷூவின் மேல் நன்றாகத் தேய்த்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைத் துவைத்துக் காய வைப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

பூசணிக்காயை வெளியே இழுத்தது அம்மாவின் கம்பெனிதான். ஆண்டு விழாவுக்குப் பெண்களுக்கு த்ரோபால் போட்டி, லைனுக்கு ஏழு பேர் ஆட வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். லைனில் ஒருத்திக்கும் ஆட்டம் தெரியாது. "எம் பொண்ணு ஸ்கூல் டீம்ல ஆடுது. ரூல்ஸெல்லாம் அதுவே சொல்லிக் குடுத்துடும்" என்று அம்மா பெருமையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஏழு பேரும் எங்கள் தெருமுனைக் காலி மனையில் கூடிவிட்டார்கள். அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிறவர், உருதுவில் அக்கா என்பதை வைத்து லைனே ஆப்பா என்று கூப்பிடும்; பர்தாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர்தான் முதல் ஆளாக நின்றார்.

"இன்னா கண்ணு, ரூல்ஸ் ஜாஸ்தியா இருக்குமா?" என்றார்.

"கம்மிதான் ஆப்பா" என்றேன்.

பந்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஒரு கையால் தோளுக்கு மேலிருந்து எறிய வேண்டும், அந்தப் பக்கம் கோட்டுக்குள் தரையில் விழுந்தால் நமக்கு ஒரு பாயின்ட், முதலில் பதினைந்து எடுத்தவர்கள் ஜெயித்தவர்கள். இதுவரை சரியாகத்தான் சொன்னேன். அடுத்து ஏதோ மூன்று என்று ஒரு விதி உண்டு. எதில் மூன்று என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. பையன்களின் வாலிபால் ஞாபகத்துக்கு வந்தது. "நம்ம பக்கமே மூணு பேர் வரைக்கும் தொடலாம், அப்புறம் எறியணும்" என்று அடித்து விட்டேன்.

அந்த ஒரு விதியைத்தான் அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். லைனில் ஒருத்தி பசை தடவி நீட்டுவாள், அடுத்தவள் மடித்து நீட்டுவாள், மூன்றாமவள் தைப்பாள். பந்தும் அப்படியே போனது. யாரும் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பந்து ஒரு முறையும் கீழே விழவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

விழாவன்று கம்பெனி மைதானத்தில் மற்ற பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நடுவர் வந்தார். கழுத்தில் விசில், தலையில் நீலத் தொப்பி. எங்கள் பி.டி. சார். பக்கத்துப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

முதல் பந்தை அம்மா அழகாகப் பிடித்து ஆப்பாவிடம் கொடுத்தாள். விசில். அடுத்த பந்தை ஆப்பா பிடித்து அம்மாவிடம் கொடுத்தார். மறுபடியும் விசில். மூன்றாவது முறை சார் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு வலையருகே வந்தார். பிடித்தவர்தான் எறிய வேண்டும், அதுவும் மூன்று விநாடிக்குள், பக்கத்து ஆளுக்குக் கொடுத்தாலே தப்பு என்றார். விநாடி. அந்த மூன்று அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"இப்படி ஆட யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

நான் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என் பெயர் வரும், சார் என் பக்கம் திரும்புவார், இவளா, இவளை நான் எப்போதோ எடுத்துவிட்டேனே என்பார், கம்பெனி முழுக்க அம்மாவைப் பார்க்கும்.

"யாரும் இல்ல சார். கைப்பழக்கம்" என்றாள் அம்மா. "கைக்கு வந்த பீஸ பக்கத்துல குடுத்தே பழகிப்போச்சு."

"ஆமா சார், லைன் புத்தி" என்றார் ஆப்பா. மைதானமே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு விசிலை வாயில் வைத்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. சிரிக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தோற்றுத்தான் போனார்கள். கடைசி வரை யார் பந்தைப் பிடித்தாலும் கை பக்கத்தில் நீண்டு, நினைவு வந்து, திரும்பும். ஆட்டம் முடிந்து ஆறுதல் பரிசாக ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டோடு வந்தபோது சார் என்னைப் பார்த்துவிட்டார். "இது உங்க பொண்ணா?" என்று ஆரம்பித்தார். "ஆமா சார். நீங்க டீ சாப்ட்டீங்களா? அந்தப் பக்கம் வடை குடுக்கறாங்க, ஆறிடப்போவுது" என்று அம்மா அவரைக் கையோடு அழைத்துப் போய்விட்டாள்.

அன்று பஸ்ஸில் என்னைவிட நிம்மதியான ஆள் இருந்திருக்க முடியாது. சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பதை ஏழு பேரும் ஒரே நேரத்தில் மறந்துவிட்டார்கள் என்று மனதாரக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஆப்பா அவருடைய வடையையும் எனக்கே கொடுத்தார். அதைக்கூட என் அதிர்ஷ்டக் கணக்கில்தான் சேர்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல என் ஷூவைத் துவைத்தாள். மேலே இருந்த செம்மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இரண்டையும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ஓடி ஆடிய ஷூ எங்கே தேயும் என்று தெரிந்தவள் அவள். கட்டைவிரலால் நுனியிலிருந்து குதிகால் வரை ஒரு முறை தடவினாள். வாங்கின அன்று இருந்த வரிகள் ஒன்றுகூட அழியாமல் இருந்தன. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சோறு போட உள்ளே போனாள்.

சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.