பதினைந்தாம் நம்பர் மெஷின்

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. என் அக்கா மகள் வித்யாவுக்குத் தலைப்பிரசவம். அக்கா உப்பிலியபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அதுவரை துணைக்கு நானும் வித்யாவின் கணவன் பிரதீப்பும்தான்.

வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் மெஷினை மாட்டினார்கள். புத்தம் புதுசு.

"இது வெளிய எங்க ஸ்கிரீன்லயும் தெரியுங்க. ஏதாவதுன்னா உடனே வந்துடுவோம்" என்ற சிஸ்டர், டியூட்டி முடிந்து கிளம்பிப் போனார். என்ன வசதி பாருங்கள்! நிம்மதியாக உட்கார்ந்தேன்.

மத்தியானம் மெஷின் கத்த ஆரம்பித்தது. நூற்று நாற்பதில் இருந்த துடிப்பு நூறு, தொண்ணூறு என்று இறங்கியது. கதவையே பார்த்தேன். யாரும் வரவில்லை.

"சித்தி... ஏன் யாருமே வரலை?"

பிரதீப் வெளியே ஓடினான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டியூட்டி சிஸ்டர் பாய்ந்து வந்து, வித்யாவை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார். டாக்டரம்மா வந்தார். நேரே ஆபரேஷன் தியேட்டர்.

பெண் குழந்தை. நன்றாக அழுதது. நானும்தான்.

அதற்கப்புறம்தான் பெரிய அதிர்ச்சி. சிஸ்டர்களின் திரையில் எல்லா அறைகளும் தெரிந்தன – எங்கள் அறையைத் தவிர! அந்தக் கட்டம் காலி. மெஷினையே இன்னும் மாட்டவில்லை என்று புது சிஸ்டர் நினைத்திருக்கிறார்.

பிரதீப்புக்குக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்தான் வேலை. டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு மெஷினின் செட்டிங்கைப் பார்த்தான். பிறகு மெதுவாக எனக்குப் புரியவைத்தான்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும், வீட்டு நம்பர் மாதிரி, ஒரு ஐ.பி. முகவரி வேண்டும். இங்கே பிரித்து வைத்திருந்தது பதினாறு முகவரிகள் கொண்ட ஒரு பகுதி – பூஜ்யம் முதல் பதினைந்து வரை. சப்நெட் என்கிறார்கள். ஆனால் பதினாறையும் மெஷின்களுக்குக் கொடுக்க முடியாதாம். முதல் எண் அந்தப் பகுதியையே குறிக்கும். கடைசி எண், எல்லா மெஷின்களையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதற்கு. மிச்சம் பதினான்குதான்.

அந்தப் பதினான்கும் தீர்ந்தபின் வந்து சேர்ந்தது இந்தப் புது மெஷின். பொருத்த வந்தவர், பதினைந்து சும்மாதானே இருக்கிறது என்று அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மெஷினும் மறுக்காமல் வாங்கிக்கொண்டது!

"காலியா இருக்குன்னு நினைச்சுட்டாங்க சித்தி. அது காலி இல்லை, எல்லாரையும் கூப்பிடுற நம்பர். அதான் ஸ்கிரீனால இந்த மெஷினோட மட்டும் தனியா பேச முடியல" என்றான். ஆபீஸில் தினமும் போடுகிற கணக்கு... அவன் பிள்ளை விஷயத்திலா இப்படி வந்து நிற்க வேண்டும்?

கேட்ட டாக்டரம்மா உடனே நெட்வொர்க் ஆளுக்குப் போன் போட்டார். மறுநாளே ஆள் வந்து, பகுதியை முப்பத்திரண்டு முகவரிகளாகப் பெரிதாக்கினார். இனி முப்பது மெஷின்களுக்கு இடம். பதினைந்து இப்போது கடைசி எண் இல்லையே... அதனால் அதே நம்பரோடு அதே மெஷின் திரையில் வந்துவிட்டது.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. திரையில் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, ஒவ்வொரு அறைக்கும் சிஸ்டர் நேரில் போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கதவைத் திறந்து எட்டிப் பார்க்க ஐ.பி. முகவரி தேவையில்லை, பாருங்கள்!