புதுச்சட்டியோடு வந்த அத்தான்

புதன்கிழமை காலை, முதல் இடைவேளை. டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் நான் வேலை செய்யும் துணிக் களஞ்சியத்தில் எல்லோரும் தத்தம் கறுப்பு ரொட்டிச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த நேரம், அக்காவின் அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அக்கா அழைப்பதே இல்லை.

"தம்பி, டெக்லன் போயிட்டார்."

"எங்கை போயிட்டார்?" என்று கேட்டேன். என் மரமண்டைக்கு அவ்வளவுதான் ஏறியது.

"காலமைக் கஞ்சியைக் கோப்பையில வாத்து, ஆறட்டும் எண்டு வைச்சவர். நான் திரும்பிப் பாக்கேக்க கதிரையில சரிஞ்சு கிடக்கிறார். அம்புலன்ஸ் வந்தும் ஒண்டும் செய்யேலாமல் போச்சு."

அறுபத்தொரு வயது. மாரடைப்பு. ஐயோ, போகிற வயதா இது! கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டேன். டெக்லன் அத்தானைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. தெரியாதவர்களுக்காகவும், கொஞ்சம் எனக்காகவும் எழுதுகிறேன்.

அவர் அயர்லாந்தின் கோர்க் நகரத்துக்காரர். காற்றாலை உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு இரண்டு வருட வேலையாக டென்மார்க் வந்து, டேனிஷ் வகுப்பில் என் அக்கா மாலினிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, ஊருக்குத் திரும்புகிற எண்ணத்தை விட்டவர். அக்கா கலியாணக் கதையை வீட்டில் எடுத்த அன்று எங்கள் வீடு ரணகளம். அப்பா பேசாமல் இருந்தார். அம்மா பேசினார், பேசினார், மூன்று நாள் பேசினார். கடைசியில் சொன்ன வசனம் இது:

"செய்யிறதைச் செய். ஆனா மாடு தின்னுற வீட்டில நான் கை நனைக்க மாட்டன். பச்சைத்தண்ணியும் வாயில வைக்க மாட்டன்."

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றால், அந்த வீட்டோடு உறவு இல்லை என்று அர்த்தம். நானும் அப்போது யோக்கியன் இல்லை. கலியாண மண்டபத்து வாசலில் காருக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தவன்தான் நான்.

ஏழு வருடம் அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அக்காவைப் பார்க்காமலும் இருக்க முடியாது. ஆகவே மாதம் ஒருமுறை போவார், குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருப்பார், ஒரு மணித்தியாலத்தில் எழும்புவார். அத்தானோ ஒவ்வொரு முறையும் மேசையில் அம்மாவுக்கென்று ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைப்பார். அக்காவிடமும், கலியாண வீடுகளில் எங்கள் ஆட்களோடு சமையல் கிடாரம் கழுவியும் கற்றுக்கொண்ட யாழ்ப்பாணத் தமிழில் கேட்பார்:

"மாமி, கொஞ்சம் சாப்பிடுங்கோவன்?"

"நான் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்."

"அப்ப தேத்தண்ணி?"

"வேண்டாம்."

"ஓம் மாமி," என்பார். கோப்பையை எடுத்து உள்ளே வைப்பார். அடுத்த மாதமும் அதே கோப்பை, அதே கேள்வி. அப்பாவோ குசினிக்குள் போய் அத்தான் சுட்ட ரொட்டியில் ஒரு விரல் தடிப்புக்குப் பட்டர் பூசி அடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளைபோல வருவார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டேன்: "அத்தான், உங்களுக்கு ரோசமே இல்லையோ?"

சிரித்தார். "எங்கட நாட்டில ஒருதடவை கேட்டா அது கேட்டதில்லை, தம்பி. முதல் தரம் வேண்டாம் எண்டுதான் ஆரும் சொல்லுவினம். திருப்பித் திருப்பிக் கேக்கவேணும். டேனிஷ்காரர்தான் ஒருக்காக் கேட்டிட்டு மூடி வைச்சிடுவினம்."

"அதுக்காக ஏழு வருசமோ?"

"மாமி கொஞ்சம் கூட நேரம் எடுக்கிறா," என்றார்.

ஒரு கோடைக்கு அக்காவோடும் அவரோடும் நானும் கோர்க் போயிருந்தேன். அயர்லாந்துக்காரர் கிழங்கையே தின்று கிழங்கையே நினைக்கிற ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு நல்ல பாடம். காலை ஏழு மணிக்குப் பெற்றோல் நிலையத்தில் சனம் வரிசையில் நிற்கிறது. பெற்றோலுக்கு இல்லை, சூடான கோழி வைத்த நீட்டுப் பாணுக்கு! அத்தானின் தங்கை மொய்ரா தேத்தண்ணிக்கு ஓட்ஸ் பால் ஊற்றுகிறார். அவருடைய பிள்ளைகள் மெக்சிக்கோச் சாப்பாட்டைத் தொலைபேசியில் தட்டி வாசலுக்கு எடுக்கிறார்கள். பின்னேரம் கடையில் கிழங்குப் பொரியலுக்கு மேல் மஞ்சளாக ஏதோ ஊற்றித் தந்தார்கள். கறியாம். வாயில் வைத்துப் பார்த்தேன்.

"அத்தான், இதுக்குப் பேர் கறியோ? அம்மா பாத்தா வழக்குப் போடுவா."

"பேசாமல் சாப்பிடு. நான் இதில வளந்தவன்," என்றார்.

ஆனால் ஞாயிறு மதியம் எல்லோரும் ஒரே மேசையில்தான். இறைச்சிக்குப் பக்கத்தில் அவித்த கிழங்கு, மசித்த கிழங்கு, வாட்டிய கிழங்கு, மூன்றும் ஒரே கோப்பையில். போதும் என்று நான் கையைக் குறுக்கே வைத்தால், மொய்ரா கையை விலக்கிவிட்டுப் போடுகிறார். எனக்கு எங்கள் பெரியம்மா வீட்டில் இருப்பதுபோல இருந்தது.

கலியாணமாகி ஏழாம் வருடம் அப்பா மோசம் போனார். ஒரு திங்கட்கிழமை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலட்டைதான் சாப்பாடு கொண்டுவரவேணும். ஊரில் அது தானாக நடக்கும். இங்கே சனம் வந்தது, அழுதது, வேலைமுறைக்கு நேரமாகிறது என்று போனது. மற்றவர் கொண்டுவருவார் என்று ஆளாளுக்கு நினைத்துவிட்டார்கள். அம்மா இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. வைத்தியர், இப்படியே போனால் ஆஸ்பத்திரியில்தான் வைக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது அத்தான் உள்ளே வந்தார். கையில் இரண்டு பெரிய பெட்டி. "எங்கட ஊரில செத்த வீட்டுக்கு வெறுங்கையோட போறதில்லை," என்று சொல்லிக்கொண்டே சபை நடுவில் மூடியைத் திறந்தார். முக்கோணமாக வெட்டி வடிவாக அடுக்கிய சான்ட்விச். உள்ளே பன்றி இறைச்சி.

மூலையில் யாரோ, "சிவசிவா! செத்த வீட்டிலயோ?" என்றார்கள். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. அத்தானின் முகம் நெருப்பாகச் சிவந்தது. மூடியைப் போட்டார், பெட்டிகளைத் தூக்கினார், போய்விட்டார். இனி இந்த மனிதன் எங்கள் வாசற்படி மிதிக்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். துவாயால் சுற்றிய ஒரு சட்டி. நேரே அம்மாவுக்கு முன்னால் போய்த் தரையில் முழங்காலில் இருந்தார்.

"மாமி, பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இதில கிழங்கு, பால், பட்டர், வெங்காயத்தாள். வேற ஒண்டும் இல்லை."

சட்டியை அம்மாவுக்கு முன்னால் வைத்துத் துவாயை அவிழ்த்தார்.

"சட்டியும் புதுசு மாமி. எங்கட சட்டியெல்லாம் இறைச்சி காய்ச்சினது. கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து காய்ச்சினனான். கரண்டியும் புதுசு."

அம்மா சட்டியைத் தன் பக்கம் இழுத்து அடியைப் பார்த்தார். கடையின் ஒட்டுத்துண்டு பாதி கருகியபடி அங்கேயே இருந்தது. அம்மா அதை நகத்தால் சுரண்டினார்.

"விசர் மனிசன். இதை உரிச்சுப்போட்டெல்லோ அடுப்பில வைக்கிறது," என்றார். பிறகு வலதுகையை அத்தானிடம் நீட்டினார். கழுவத் தண்ணீர் கேட்கிறார் என்று முதலில் விளங்கிக்கொண்டவர் அத்தான்தான். செம்பை எடுத்துவர ஓடினார். அம்மா இரண்டு நாளைக்குப் பிறகு முதல் கவளம் எடுத்து வாயில் வைத்தபோது நான் அழுதேன். அப்பாவுக்காக அழுததைவிடக் கூட அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு அம்மா என்னை அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். உள்ளே போனதும் குளிர்ச்சட்டையைக் கழற்றி மாட்டினார். "எங்க அந்தச் சட்டி?" என்று கேட்டார். அத்தான் அதை அம்மாவுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். அன்றைக்கு அம்மா அந்த வீட்டில் சோறு காய்ச்சிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு பத்து வருடம், எல்லா ஞாயிறும். அத்தான் மசித்த கிழங்கை அம்மாவிடம் நீட்டுவார். அம்மா ஒரு கரண்டி செத்தல் மிளகாய்த் தூளைக் கொட்டுவார். அத்தான் மூக்காலும் கண்ணாலும் தண்ணீர் ஓட ஓட, "நல்லாயிருக்கு மாமி," என்பார்.

"பொய் சொல்லாதை. தண்ணியைக் குடி."

டென்மார்க்கில் தேத்தண்ணி போடத் தெரிந்த ஒரே வெள்ளைக்காரன் இவர்தான் என்று அம்மா கோயிலில் பெருமையடித்துக்கொண்டு திரிந்ததும் எங்களுக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை அடக்கம். கோர்க்கிலிருந்து மொய்ராவும் அத்தானின் இரண்டு தம்பிமாரும் வந்திருந்தார்கள். மயானத்திலிருந்து வீட்டுக்கு வந்தோம். அக்காவும் அத்தானும் மட்டும் இருந்த வீடு, பிள்ளைகள் இல்லை. அவர் போனதிலிருந்து அக்கா ஒரு நேரம்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. யார் கேட்டாலும் தலையை ஆட்டி விட்டுவிடுவார். மொய்ரா வரவேற்பறையில் அழுதுகொண்டிருந்தார்.

எண்பத்திரண்டு வயது அம்மா குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். சோறும் பருப்பும் கத்தரிக்காயும் மேசைக்கு வந்தன. வேண்டாம் என்று மொய்ரா ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். கோப்பையை நிரப்பிக் கையில் கொடுத்தார். பிறகு சோற்றைக் குழைத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"வாயைத் திற, மோளே. என்ர மருமோன்ர வீடு இது. இஞ்ச ஒருத்தரும் பட்டினி கிடக்கப்படாது."

அக்கா வாயைத் திறந்தார். அழுதுகொண்டே விழுங்கினார். கோர்க்கிலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

பொழுதுபட முன்னம் அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கார்ச் சாவியோடு வந்து நின்றேன். "வெளிக்கிடுங்கோ அம்மா."

"நீ போ. என்ர உடுப்பையும் மருந்துகளையும் நாளைக்குக் கொண்டுவந்து தா. நான் இனி இஞ்சதான்."

அத்தான், இதைக் கேட்கத்தானே நீங்கள் இருந்திருக்க வேண்டும்! மூன்று வேளையும் அம்மா உங்கள் வீட்டில்தான் கை நனைக்கிறார். அக்காவும் இரவில் ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். இனிக் கவலை வேண்டாம், நிம்மதியாகப் போய் வாருங்கள்.