தலை மடிக்காத கொக்குகள்

கடதாசியில் மிருகம் மடிக்கப் பழக்குகிறவனுக்குக் கடதாசி எதிரியில்லை. அதை மடிக்க வருகிற ஆட்கள்தான் எதிரி. தையல் பழக்குகிறவர்களே, வாகனம் ஓட்டப் பழக்குகிறவர்களே, காட்டியதையே திரும்பத் திரும்பக் காட்டித் தொண்டை வற்றியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

இரவில் நான் ஒலுவில் துறைமுகப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவன். பகலில் படுத்தாலும் நித்திரை வராது. அப்படிக் கிடந்த பகல்களில் போனைப் பார்த்துத் தானாகப் பழகியது இது. எனக்கு யாரும் பழக்கித் தரவில்லை. அதனால் பழக்குகிறவன் படும் பாடும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

சாவி

கல்முனையில் எங்கள் வாசிகசாலையின் மேல்மாடி அறை உடைந்த கதிரைகளோடும் புறா எச்சத்தோடும் சும்மா கிடந்தது. சனிக்கிழமை காலையில் அதைத் தாருங்கள், பெரியவர்களுக்குக் கொக்கும் முயலும் மடிக்கப் பழக்குகிறேன் என்று தலைவர் ஹாஜியாரிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பதை நெருங்கிய ஆள், மேலில் மீன் வாடை வேறு. பள்ளிக்கூட லீவு முடியும் மட்டும் தருகிறேன், கடைசியில் ஒரு கண்காட்சி வையுங்கள், அதைப் பார்த்துவிட்டு அறை தொடர்ந்து உங்களுக்கா இல்லையா என்று சொல்கிறேன் என்றார்.

கிழமையில் ஒரு காலையாவது நாலு பேர் எனக்காகக் காத்திருப்பார்கள் என்ற ஆசை எனக்கு. உடனே சம்மதித்தேன். ஊர் முறைப்பாடுதான் அவருக்குப் பயம். சாவியைத் தரும்போது சொன்னார்:

"ஆக்கள் வரணும் தம்பி. ஊர்ல கதை வரப்படா."

சாறன்கடைக் கை

மருதமுனையில் ஆண்கள் உடுக்கிற சாறன் விற்கும் கடை வைத்திருக்கிற மஜீத் காக்கா முதல் ஆளாக வந்தார். பேத்திக்கு முயல் மடித்துக் கொடுக்க ஆசையாம். காலமெல்லாம் சாறன் மடித்த கை, சுலபமாகப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

இந்த வேலைக்கு உயிரே மடிப்பில் விழுகிற கோடுதான். நகத்தால் அழுத்தி இழுத்தால்தான் அடுத்த மடிப்புக்கு வழி தெரியும். காக்காவோ உள்ளங்கையால் மெல்லத் தடவி விடுவார். கடதாசி அவர் முகத்துக்கு நேரே திரும்ப விரியும். "நகம் காக்கா, நகம்!" என்று கத்திக் கத்தி எனக்குக் குரல் கட்டிவிட்டது. கடைசியில் அவர் கையில் இருந்தது முயலில்லை. கடை இறாக்கைத் தட்டில் அடுக்கி வைக்கத் தோதான ஒரு பொட்டலம். நான்தான் தொழில் தெரியாதவன் என்பதுபோலப் பார்த்துச் சொன்னார்:

"நகம் பட்டா சாமான் பழுதாப் போகும் மாஸ்டர். மறுகா ஆரு வாங்குவான்?"

கொக்கின் தலை

பாலர் பாடசாலை கிறேஸ் டீச்சர் மெதடிஸ்த கோயிலடியிலிருந்து வருகிறவர். கெட்டிக்காரி. சிறகு, வால், கழுத்து எல்லாம் ஒழுங்காக வரும். தலையில் மட்டும் விழுந்துவிடுவார். கொக்கில் தலைதான் கடைசி மடிப்பு. கழுத்து நுனியைக் கொஞ்சம் திறந்து, உள்பக்கமாகத் திருப்பி, கீழே பார்க்க வைத்து அழுத்த வேண்டும். புதிதாகப் பழகுகிற எல்லோரும் அங்கேதான் சறுக்குவார்கள். அந்த ஒரு மடிப்பைப் பிடிக்க நான் எத்தனை பழைய கலண்டரைத் தின்றிருப்பேன்!

ஒரு சனிக்கிழமை டீச்சர் அழகான கொக்கோடு வந்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். தலையைத் தனியாக வெட்டி, பசை பூசி, போதாததற்கு ஸ்டேப்ளரும் அடித்திருக்கிறார்! வெட்டாமல் ஒட்டாமல் ஒரே கடதாசி என்பதுதானே இந்த வேலையின் மானம்? நான் குதித்த குதியில் கீழே பத்திரிகை வாசித்தவர்கள் மேலே பார்த்தார்களாம். டீச்சர் அசையவில்லை.

"ஒட்டினா என்ன மாஸ்டர், பறக்கவா போகுது?"

குரல் செய்தி

கண்காட்சிக்கு முந்திய கிழமை ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி. வாசிகசாலைக்கு மேலே உயிருள்ளவற்றின் உருவம் செய்யப் பழக்குகிறார்களாம், மார்க்கத்தில் அது கூடாதாம். மார்க்க விசயத்தில் நான் வாய் வைக்கிற ஆளில்லை. படித்தவர்கள் சொன்னால் கேட்பேன். ஆனால் இந்த மனிசன் ஒருநாள் படியேறி வந்து பார்த்தாரா? படுத்திருந்து போனில் கதைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஹாஜியார் கூப்பிட்டார். தலை இல்லாவிட்டால் உருவம் இல்லை என்பார்கள், அதனால் தலை இல்லாமல் வையுங்கள், இல்லையென்றால் சாவியைத் தாருங்கள் என்றார். முயலில் தலையை எடுத்தால் மிச்சம் மஜீத் காக்காவின் பொட்டலம்தானே? கதைத்துக் கதைத்து, வெட்டத் தேவையில்லை, தலைக்கு வருகிற மடிப்பை மட்டும் மடிக்காமல் விடுவோம் என்று முடிவாயிற்று. செத்த வீட்டு முகத்தோடு மேலே போய்ச் சொன்னேன். என்னோடு சேர்ந்து கொதிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லோருக்கும் முந்திக் கையை உயர்த்தியவர் கிறேஸ் டீச்சர்:

"அல்ஹம்துலில்லாஹ்! அந்த மடிப்புத்தானே மாஸ்டர் எங்களுக்கு ஏலாம இருந்தது!"

கண்காட்சி

மேசை நிறையக் கொக்குகள் கழுத்தை நீட்டி முகட்டைப் பார்த்தபடி நின்றன. பார்க்க வந்தவர்கள் ரொக்கட்டா என்று கேட்டார்கள். முயல்களைக் காட்டி, இது சாறன் மாதிரிகளா என்றும் ஒருவர் கேட்டார். நான் கதவடியில் சாவியைச் சட்டைப்பைக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படியும் திருப்பிக் கேட்கப் போகிறார் என்று மனம் சொல்லிவிட்டது.

ஹாஜியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். ஒரு கொக்குக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அங்குமிங்கும் பார்த்தார். பிறகு கழுத்து நுனியை இரண்டு விரலால் பிடித்து, டக்கென்று கீழே மடித்து, நகத்தால் அழுத்தினார். அதுவும் வெளிப்பக்கமாக! கொக்கு தடித்த அலகோடு தாரா வாத்தாகிவிட்டது. அறையும் மறந்தது, சாவியும் மறந்தது எனக்கு. "ஹாஜியார், அது உள்ளுக்குத் திருப்ப வேண்டும்!" என்று கத்திவிட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். களவில் பிடிபட்டவர் முகம். கொக்கை என் கையில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"பாக்கப் பாவமா இரிந்திச்சி தம்பி. சாவி உங்களுட்டயே இரிக்கட்டும். கதை வந்தா நான் பாத்துக்குறன். நீங்க அந்த மடிப்ப எனக்கொருக்காக் காட்டித் தாங்க."

ஆகவே என் சகோதரத் துன்பக்காரர்களே, அறை தப்பியது, சாவி என்னிடமே இருக்கிறது, இப்போது சனிக்கிழமை தோறும் நான் கத்த வேண்டிய ஆட்களில் ஹாஜியாரும் ஒருவர்.