டிசர்வ் என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து, தான் எழுதிய வாக்கியத்தை மறுபடியும் சொல்கிறார். "ம்ஹூம், செவுத்துக்கே ஏறல. பிள்ளைங்களுக்கு எங்க ஏறப்போகுது" என்று அதை அடித்துவிட்டு வேறொன்று எழுதுகிறார்.

ஆங்கிலம்-தமிழ் மாணவர் அகராதி ஒன்றின் புதிய பதிப்பு தயாராகும் அறை அது. சொற்களுக்குப் பொருள் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியமும் அதன் தமிழும் எழுதுவது இவர் வேலை. 'வாக்கியக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியம், இதில் என்ன மலையைப் புரட்டுகிற வேலை என்று தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வாயடைத்துப் போகும். சொல்லைப் பேருந்தில் கொண்டுபோவார். மருத்துவமனை வரிசையில் தன்னோடு நிறுத்தி வைத்துக்கொள்வார். யார் வாழ்க்கையில் அது ஒட்டுகிறது என்று பார்ப்பார். கோழையைக் குறிக்கும் 'கவர்ட்' என்ற சொல்லுக்கு அவர் எழுதியது இது: "அவனைக் கோழை என்றார்கள், கூட்டத்தை நோக்கிச் சுட மறுத்தவன் அவன் ஒருவன்தான்." ஒரே வரி. படித்தபின் அந்தச் சொல்லை யார்மேலும் எளிதில் வீச முடியாது.

அச்சில் ஏறிவிட்டால் எதையும் வானத்திலிருந்து விழுந்த வாக்கு என்று கும்பிடுகிறோம். அகராதி வாக்கியமும் யாரோ ஓர் ஆள் தன் வீட்டுப் புத்தியோடு எழுதியதுதான். பழைய பதிப்பில் 'டிசர்வ்' என்ற சொல்லுக்கு இருந்தது: "அந்த வேலைக்காரி அடிபடத் தகுந்தவள்."

வகுப்பில் அதை உரக்கப் படித்த நாளில் எல்லாத் தலைகளும் ஒரு சிறுமியின் பக்கம் திரும்பின. அவள் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். அந்தச் சிறுமிதான் வாக்கியக்கா. இப்போது அந்தச் சொல் அவர் மேசைக்கே வந்திருக்கிறது. மாலையில் பக்கம் அச்சுக்குப் போகவேண்டும். அக்கா எழுதினார்: "என் அம்மா உட்கார்ந்து சாப்பிடத் தகுந்தவள்."

தலைமைத் தொகுப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். "பழசே இருக்கட்டும்மா. பள்ளிக்கூடங்க வருஷக்கணக்கா வாங்குற புத்தகம். ஒரு வாக்கியத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லேன்னா, மாத்துறதுல உங்களுக்கு எங்க சார் நோவுது?"

"எதுக்கெடுத்தாலும் கொடி பிடிக்காத."

"கொடியெல்லாம் வேண்டாம் சார். நம்ம வழக்கப்படியே பண்ணுவோம்."

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்படுத்தியவரே தொகுப்பாளர்தான். எந்த வாக்கியமும் அச்சுக்குப் போகுமுன், அதை வேண்டுமென்பவர் அறையில் உள்ள ஒருவர் முகத்தைப் பார்த்து உரக்கப் படிக்கவேண்டும். நாக்கு தடுக்கினால் வாக்கியம் குப்பைக்கு.

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. யார் முகத்தப் பாத்துப் படிக்கிறது?"

"ஏன் சார், இவங்களுக்கு முகம் இல்லையா?"

ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் ஈரத் துணியோடு திரும்பினார். "என்னக்கா, நான் எதையும் உடைச்சிட்டேனா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. சார் ஒண்ணு படிப்பாரு, சும்மா கேளுங்க."

தொகுப்பாளர் கண்ணாடியை மாட்டினார். "அந்த..." என்றார். தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். தாளைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "நீ கொஞ்சம் வெளிய இரேம்மா" என்றார்.

"அவங்க போனாத்தான் படிக்க வரும்னா," குரலை உயர்த்தாமல் அக்கா சொன்னார், "வெளிய போகவேண்டியது அவங்க இல்ல சார்."

தொகுப்பாளர் பழைய வாக்கியத்தின்மேல் ஒரு கோடு இழுத்து, தாளை அக்கா பக்கம் தள்ளினார். "உன்னோடத நீ படி. தடுக்குச்சுன்னா அதுவும் போச்சு."

அக்கா எழுந்தார். உடனே படிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அடுக்கியிருந்த தடித்தடி அகராதிகளை இரண்டு கையாலும் வாரித் தரையில் இறக்கினார். இருக்கையின் தூசியை உள்ளங்கையால் தட்டிவிட்டு, ஈரத் துணியோடு நின்ற பெண்ணின் முன்னால் அதை இழுத்துப் போட்டார்.