வலது காலுக்கு மட்டும் தைலம்

வாணியம்பாடித் தோல் மண்டியில் கவுஸ் பாஷாவுக்குக் கண்ணே தேவையில்லை என்பார்கள். பதனிட்ட தோலை விரல்களுக்கு நடுவே ஒருமுறை இழுத்துப் பார்த்தால் போதும். கத்தி பட்ட இடம் எது, உண்ணி கடித்த தழும்பு எது என்று சொல்லித் தரம் பிரித்துவிடுவார். 1929இல், நாற்பத்தாறாவது வயதில், அவருடைய வலது கட்டைவிரல் தோலைப் பிடிக்க மறுத்தது. சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. விரலடிச் சதை குழிந்துபோயிருந்தது. மேல்கையில் தோலுக்கடியில் புழு நெளிவதைப்போல ஏதோ ஓயாமல் துடித்தது.

மனைவி ஜஹீருன்னிசா பயந்துபோனாள். அவரோ அந்தத் துடிப்பை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஜாஸ்தியா, வெயிலில் ஜாஸ்தியா, தட்டினால் கூடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஆம்பூர் ஹக்கீம் முனீர் அகமது நாடி பார்த்து லேகியம் கொடுத்தார். உள்ளூர் வைத்தியர் சுப்பராயன் இது வாதம் என்று சொல்லித் தைலம் காய்ச்சித் தர முன்வந்தார். மைத்துனர் புறா ரத்தம் தடவச் சொன்னார். தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் வந்தது.

எல்லாவற்றையும் ஒன்றாகவே தொடங்கிவிடலாம் என்றாள் ஜஹீருன்னிசா. கவுஸ் பாஷா சம்மதிக்கவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் புதுப் பட்டை வந்தால் வழக்கமான ஆவாரம்பட்டையோடு கலக்க மாட்டார்கள். தனிக் குழியில் போட்டுப் பார்ப்பார்கள்.

"எல்லாத்தையும் ஒரே குழியில கொட்டிட்டா, தோலு எதனால நல்லா வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

ஒவ்வொன்றுக்கும் நாற்பது நாள் என்று முடிவானது. ஓதிய தண்ணீரை மட்டும் தினமும் குடித்தார். அது துஆ, ஆண்டவனிடம் கேட்பது, அதைச் சோதிக்கக் கூடாது என்றார். புறாவைக் கொல்ல மனம் வரவில்லை, அதை விட்டுவிட்டார்.

லேகியத்தில் நல்ல பசி எடுத்தது, தூக்கம் வந்தது. ஆனால் ஜஹீருன்னிசா நூல் சுற்றி அளந்தபோது கை இன்னும் மெலிந்திருந்தது. பிறகு ஊர் ஊராகப் போய் மருந்து விற்கும் ஒருவன் கொடுத்த ரசபஸ்பத்தைச் சாப்பிட்டார். ஒன்பதாம் நாள் ஈறு வீங்கிப் பல் ஆடியது. அத்தோடு அதை நிறுத்தினார்.

தைலத்தின் முறை வந்தபோது கால்களும் தளர்ந்திருந்தன. கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்து உயிரை வாங்கியது. வலது காலுக்கு மட்டும் தேய்த்தால் போதும் என்றார் கவுஸ் பாஷா. சுப்பராயனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா பாய் இது? ஒரு காலுக்கு மட்டும் வைத்தியம் பாத்தா இன்னொரு காலு சும்மா இருக்குமா?"

"அதத்தான் பாக்கணும் வைத்தியரே."

நாற்பது நாள் கழித்து இரண்டு காலும் ஒரே அளவு இளைத்திருந்தன. ஆனால் வலது காலில் இழுப்பு வரவில்லை. இடது கால் முன்போலவே இழுத்தது. அன்று முதல் இடது காலுக்கும் தைலம் தேய்க்கச் சொன்னார்.

அதன் பிறகுதான் ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்கா வண்டியில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சதையை அசைக்கிற நரம்புகள் வற்றுகின்றன, எந்தத் தேசத்திலும் இதற்கு மருந்து கிடையாது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். ஜஹீருன்னிசா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தொடு உணர்ச்சியும் போய்விடுமா என்று கேட்டார் கவுஸ் பாஷா.

டாக்டர் அவரைக் கண்மூடச் சொல்லி, விரல்களில் ஊசியாலும் பஞ்சாலும் மாற்றி மாற்றித் தொட்டார். ஒவ்வொன்றையும் அவர் சரியாகச் சொன்னார்.

"அது போவாது" என்றார் டாக்டர்.

அந்த வாரமே கவுஸ் பாஷா மண்டிக்குத் திரும்பினார். அவர் கையை ஒரு பலகைமேல் வைத்து, கூட வேலை செய்த குர்ஷித் தோலை அவர் விரல்களின்மேல் மெதுவாக இழுப்பார். கவுஸ் பாஷா தரம் சொல்வார். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. நாக்கு குழறத் தொடங்கியதும் முதல் தரத்துக்கு ஒருமுறையும் இரண்டாம் தரத்துக்கு இருமுறையும் கண் சிமிட்டினார்.

கடைசியில் விழுங்குவது சிரமமானது. தண்ணீர் புரையேறியது, கெட்டியான கேழ்வரகுக் கூழ் இறங்கியது. அதையும் கணவனும் மனைவியுமாக ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1932இல், ரம்ஜான் முடிந்து பத்தாம் நாள், அவர் மூச்சு அடங்கியது.

துக்கம் விசாரிக்க வந்த சுப்பராயன் எந்த மருந்து எதற்குக் கேட்டது என்று ஜஹீருன்னிசாவிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு சதை வற்றியவர்கள் வந்தால், கையில் பலம் திரும்ப வரும் என்று அவர் சொல்வதில்லை. இழுப்பு குறையும், ராத்திரி தூங்கலாம் என்று மட்டும் சொல்லித் தைலம் கொடுத்தார்.