கிழிந்த கொடியைப் பார்த்தவன் நான்

தேங்காய்த்திட்டில் இரண்டு விசைப்படகு, ஐஸ் கம்பெனி, மூன்று மாடி வீடு. எல்லாம் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், யார் தயவும் இல்லாமல் உண்டாக்கியவை.

லாஸ்பேட்டையில் கல்லூரி வாத்தியாராக இருக்கும் என் மருமகன், என் மகளோடு லடாக் போகத் திட்டம் போட்டார். மலைக் கணவாய் உச்சியில் கூடாரத்தில் தங்கப்போவதாகச் செல்போனில் படம் காட்டினார். அங்கே கட்டியிருந்த கொடிகளின் நுனியெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து தொங்கின. என் படகுக் கொடி பேய்க்காற்றில்தான் அப்படி ஆகும்.

"மாப்ள, இந்தக் காத்துல துணி வீடு நிக்காது. கல்லு வீடா பாருங்க."

"மாமா, இது மலை. உங்க கடல் இல்ல. சும்மா இருங்க."

"காத்துக்குக் கடல் எது மலை எதுன்னு தெரியுமா? எம் பொண்ணு அங்க படுக்க மாட்டா."

சண்டை போட்டு, கீழே ஊரில் கல் கட்டடத்தில் அறை எடுக்க வைத்தேன். அவர்கள் போய்ச் சேர்ந்த இரவே காற்று அந்தக் கூடாரங்களைப் பிய்த்துப் பள்ளத்தில் எறிந்துவிட்டது.

"அப்பா, அதுல படுத்திருந்தா நாங்க இல்லப்பா" என்று மகள் போனில் அழுதாள்.

ஊர் திரும்பிய மருமகனோ, தானே முன்யோசனையாக அறையை மாற்றியதாகச் சொந்தக்காரர்களிடம் அளக்கிறார்.

இப்போது வீட்டில் யார் எங்கே போனாலும், தங்கும் இடத்தின் படத்தை நான் பார்த்த பிறகுதான் பணம் கட்ட விடுகிறேன். மருமகன் வாங்கும் பத்திரிகை என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். மாப்பிள்ளை படிக்கட்டும்.