பத்தடி பைப்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மொட்டை மாடியில் ஒரு நட்டை முடுக்கியது. நான் ஏணியில் நின்று ஆன்டெனாவைத் திருப்பினேன். அம்மா கீழே நின்று போனில் தெரிந்த எண்ணைப் படித்தாள்.

"எழுவத்தெட்டு... எழுவத்தாறு... ஆங், நிறுத்து. எழுவத்தஞ்சு."

"இன்னும் கொஞ்சம் திருப்புறம்மா."

"வேணாம். இதுக்கு மேல திருப்புனா எகிறும். முடுக்கிட்டு எறங்கு, சோறு ஆறுது."

எண் குறையக் குறைய சிக்னல் நல்லது. அறுபதுக்குள் இருந்தால் தடையில்லாமல் ஓடும். எழுபதைத் தாண்டினால் அடிக்கடி அறுந்துபோகும். நான் பெங்களூரில் நெட்வொர்க் இன்ஜினியர். இதை அம்மாவுக்கு ஒருமுறைதான் சொன்னேன்.

அம்மா பெயர் இருசம்மாள். பதினான்கு வயதில் எறையூர் கரும்புக் காட்டில் அரிவாள் எடுத்தவள். முப்பத்தெட்டு வருஷம் வெட்டினாள். அப்பா போன பிறகு தனியாக வெட்டி என்னைப் படிக்கவைத்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து எண்களை மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெரு கரும்பு வயலுக்கு அந்தப் பக்கம். முப்பது வீடு. இன்டர்நெட் கேபிள் பஸ் ஸ்டாப்போடு நின்றுவிட்டது. முப்பது வீட்டுக்காக ஒரு கிலோமீட்டர் இழுக்க யாரும் வரவில்லை. செல்போன் சிக்னலும் வீட்டுக்குள் எட்டாது. போன மாசியில் லீவில் வந்தபோது, பஸ் ஸ்டாப்பில் கேபிள் கடை வைத்திருக்கும் சாமிதுரையின் மாடியில் ஒரு ஆன்டெனாவும் எங்கள் மாடியில் ஒன்றும் வைத்தேன். நடுவில் வெறும் வயல். அவர் மாடியில் காய்ந்த லுங்கிகூடத் தெரிந்தது.

"மறைப்பே இல்லம்மா. ஜம்முனு போவும்" என்றேன்.

"இப்ப வெட்டுன காடுப்பா. ஐப்பசில வந்து பாரு."

நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அன்று மாலை எண் ஐம்பத்தெட்டு. வருமானச் சான்றிதழுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்த செல்வம்மாள் வாசலில் உட்கார்ந்தபடியே விண்ணப்பித்தாள். பாஸ்வேர்டை அம்மா குழாயடியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். நான் மாற்றினேன். அதையும் சொன்னாள்.

எதிர்வீட்டு மஞ்சுவுக்குத்தான் பெரிய மாற்றம். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள். சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே பில் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. ஒரு நிபந்தனை: வேலை நேரத்தில் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தால் எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை போய்விடும். போனால் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு மறுபடியும் திருப்பூர்.

ஆவணியில் எண் அறுபத்தைந்து. புரட்டாசியில் எழுபது. கருவி பழுது என்று புதிது வாங்கி அனுப்பினேன். அதுவும் எழுபது. மஞ்சுவுக்கு முதல் எச்சரிக்கை வந்த அன்று அம்மா போன் செய்தாள்.

"அறிவு, உன் ஆன்டெனா சட்டில ஒரு கோளாறும் இல்ல. கரும்பு உசந்துடுச்சு. நம்ம வூட்டுப் பக்கம் நடராசண்ணன் வயலு மேடு. தோக மழயில நனஞ்சா நம்பர் இன்னும் மோசமாவுது. தெனம் பாக்குறேன்ல."

கரும்பு முழுக்கத் தண்ணீர். தண்ணீர் ஆன்டெனாவின் அலையை உறிஞ்சிவிடும். பாடமாகப் படித்திருக்கிறேன். ஆனால் வயல் மொட்டையாகக் கிடந்தபோது அளந்துவிட்டுப் போயிருந்தேன்.

ஐப்பசியில் இரண்டாவது எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தேன். மஞ்சு கெஞ்சியதால் அம்மா அவளை நடராசனிடம் அழைத்துப் போனாள். நானும் போனேன்.

"இன்டர்நெட்டுக்காக நான் பச்சக் கரும்ப வெட்டணுமா இருசு? தையிலதான் கட்டிங் ஆர்டர். இப்ப வெட்டுனா ஆலையில எறக்கவே வுடமாட்டான். நீயே கடிச்சுத் தின்னு தீப்பியா?"

"பல்லு இல்லண்ணே" என்றாள் அம்மா. "நீங்க வெட்ட வேணாம். நாங்களே உசந்துக்குறோம்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எங்கள் மாடிக் கம்பத்தில் எட்டடி பைப் கூட்ட வேண்டும். அளவைச் சீட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். பிறகுதான், பைப் வரும்வரை தாக்குப்பிடிக்கட்டும் என்று, அந்த நட்டை முடுக்கினோம்.

"பெரம்பலூர் பட்டறையில நான் சொல்லிக்கிறேன், நீ கெளம்பு" என்றாள். மஞ்சுவிடம், "சனிக்கெழம பைப் வந்துடும்டி. அதுவரைக்கும் சாமிதுரை கடையில ஒக்காந்து வேலயப் பாரு. புள்ளய நான் வச்சிக்கிறேன்."

திங்கட்கிழமை பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வெள்ளி விடியலில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மஞ்சு இப்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேபிள் கடை ஸ்டூலில் வேலை பார்க்கிறாள். மூன்றாவது எச்சரிக்கை இன்னும் வரவில்லை.

இன்று காலை அம்மாவின் போன் அடித்தது. பட்டறைக்காரர் பாவாடை.

"அந்தம்மா சனிக்கெழம வரேன்னுச்சு. ரெண்டு வாரமா ஆளக் காணோம். பைப் ரெடியாக் கெடக்கு சார்."

விஷயத்தைச் சொன்னேன்.

"எட்டடிதானே?" என்று கேட்டேன்.

"பத்து சார். சீட்டுல எட்டுன்னு இருக்கேம்மான்னு நானும் கேட்டேன். எம்மவன் இந்த வருஷக் கரும்புக்குக் கணக்குப் போட்டிருக்கான், தையில கட்டய ஓட்டிட்டுப் புதுக் கரண நடப்போறாங்க, அது இன்னும் உசரும், பத்தாப் போடுங்கன்னுச்சு."

வெட்டிய கட்டையிலிருந்து தழைக்கும் கரும்பைவிடப் புது நடவு உயரும் என்பது எனக்குத் தெரியாது.

பத்தடி பைப்பை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். சாமிதுரை வண்டி தருகிறேன் என்றார். அரியலூர் போயிருக்கிறது, சாயங்காலம் திரும்பிவிடும். நாளை காலை பெரம்பலூர் போய் எடுத்து வர வேண்டும். அம்மா சனிக்கிழமை எடுத்திருக்க வேண்டியது.